பலபூனை இல்லத்தில் அயற்பூனை ஏற்பு: துண்டியல் நோக்கில் ஓர் ஆய்வு

அவையடக்கம்

கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று சொல்லிக்கொண்டார். அந்தப் பூனைக்குக் கடல் முழுவதும் சொந்தம். பக்கத்தில் வேறு மூன்று பூனைகள் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கவில்லை. ஆகவே கம்பரின் சிக்கல் எளியது என்று பணிவோடு சொல்லி, இவ்வாய்வாளர் தமது சிக்கலுக்கு வருகிறார்.

ஆய்வு இடைவெளி

ஏற்கெனவே பூனைகள் வாழும் வீட்டில், தெருவில் வளர்ந்து ஆளான பூனையொன்றைச் சேர்ப்பது பற்றி நம் இலக்கணங்களில் விதி இல்லை. பூனைக்குட்டியை என்ன பெயரிட்டு அழைப்பது என்று தொல்காப்பியர் மரபியலில் வகுத்துவிட்டார். வளர்ந்த பூனையை வீட்டுக்குள் எப்படி அழைப்பது என்பதை விட்டுவிட்டார். உரையாசிரியர்களும் அந்த இடத்தில் வாய் திறக்கவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. இடைவெளி இல்லாமல் ஆய்வு இல்லை என்பதால், முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இடைவெளிதான். பூனை பிறகு வந்தது.

‘பூனை’ என்ற சொல்லின் வேரை நாற்பது பக்கம் தோண்டுவது துறை மரபு. அந்தப் பக்கங்களின்மீது ஆய்வுப்பொருளே பின்பக்கம் திரும்பி நின்று வாலை உயர்த்திவிட்டபடியால் அவை இங்கே சேர்க்கப்படவில்லை.

ஆய்வுக் களம்

சென்னை மந்தைவெளியில் இரண்டாம் மாடி வீடு. கூடம், இரண்டு அறை, ஒரு குளியலறை. குடியிருப்போர்: சின்னப்பொண்ணு (மூத்தவள், மூன்று நிறத்தவள், யாரையும் பொருட்படுத்தாதவள்), டீத்தூள், குண்டு. அயலவர்: ‘கவுன்சிலர்’ என்று தெருவோர் அழைக்கும் கடுவன். வார்டு முழுக்கச் சுற்றி, எல்லா வாசலிலும் ஒருமுறை நின்று, எங்கும் எதையும் செய்யாமல் போவதால் இப்பெயர். கருத்தடை ஆகாத கடுவன்களுக்கே வாய்க்கும் அகன்ற கன்னங்களும், வாதப் பிரதிவாதங்களில் கிழிந்த ஒரு காதும் உண்டு.

முன்னாய்வுகள்

சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் மனிதருக்கு அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. ஒரு பூனை. இரண்டாவதைச் சேர்க்க அவர் முயன்றதற்குத் தொல்லியல் சான்று இல்லை, நிம்மதியாகத்தான் போயிருக்கிறார்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். அந்தப் பாறையில் இருப்பது அர்ச்சுனன் தவமா, கங்கை இறங்கிய கதையா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மோதிக்கொள்கிறார்கள். புதிய இடத்தில் வேண்டாத ஒருவர் எப்படி ஏற்கப்பட்டார் என்பதன் செய்முறை விளக்கம் கண்ணெதிரே கல்லில் நிற்கிறது. அதைப் பற்றி எந்தத் தரப்புக்கும் அக்கறை இல்லை.

ஜெர்மானிய அறிஞர் பவுல் லைஹவுசன், பூனைகள் ஒரே பாதையை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்தி மோதலைத் தவிர்க்கின்றன என்று எழுதினார். ஒரே குளியலறை உள்ள வீட்டில் ஆறு பேராக வளர்ந்த எவரும் இதை அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

உள்ளூர் ஆய்வுகளில் இருவேறு நிலைப்பாடுகள் உள்ளன. “கொண்டுவந்து விடு, அதுங்களே பாத்துக்கும்” என்பது ஒன்று (அம்மா, சமையலறை, வாய்மொழி). “நாலாவதா? உனக்கென்ன பைத்தியமா?” என்பது மற்றொன்று (எதிர்வீட்டு மாமி, ‘மொட்டைமாடி உரைகள்’, வடாம் காயும் பருவம்). முதலாவது தவறு. இரண்டாவது கேள்வி வடிவில் இருப்பதால் ஆய்வுக்குரியதன்று.

வகைப்பாடு

அயற்பூனையை எதிர்கொள்ளும் பாங்கை வைத்து வீட்டில் ஏற்கெனவே வாழும் உறைபூனைகள் நால்வகைப்படும்.

சீறுவோர்: பயப்பட வேண்டாம், ‘கிட்ட வராதே’ என்பதற்கு மேல் அதில் பொருள் இல்லை.

ஒளிவோர்: பீரோ மேல்.

இமைக்காமல் பார்ப்போர்: பார்வையை ஓர் அட்டையால் மறைக்க வேண்டும்; சண்டை அங்கிருந்துதான் கிளம்புகிறது.

வழியில் சும்மா படுத்திருப்போர்: இவர்கள் சும்மா படுத்திருக்கவில்லை. கதவு நடுவில் கிடக்கும் பூனை, மற்றதை மணல் தட்டுக்கும் சோற்றுக்கும் போகவிடாமல் தடுக்கிறது. “பாவம், எவ்வளவு சாதுவா படுத்திருக்கு” என்று வீட்டார் புகைப்படம் எடுப்பார்கள்.

நெறிமுறை

அயலவரை முதலில் கொண்டுபோக வேண்டியது வீட்டுக்கு அல்ல, மருத்துவரிடம். கவுன்சிலரை மீன்துண்டு காட்டித் தலையணை உறைக்குள் இறக்கி, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இன்று இருக்கும் வேப்பேரிப் பக்கம் ஆட்டோவில் கொண்டுபோனோம். மீனின் பங்கு குறித்துக் காண்க: மீன்காரம்மா, ‘கூடையும் பூனையும்: இழப்பீட்டு நோக்கு’, செதில் ஒட்டிய பிரதி, பக்க எண் நனைந்துள்ளது.

பூனை லுக்கேமியா, பூனை எய்ட்ஸ் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். பின்னது பெரும்பாலும் கடியால் பரவுவது என்பதால், தெருவில் கடித்துக் கடிபட்டு வளர்ந்த கடுவனுக்கு இதை விடவே கூடாது. வெறிநோய்க்கும் பேன்லூக்கோபீனியாவுக்கும் தடுப்பூசி, குடற்புழுவுக்கு மருந்து, தெள்ளுப்பூச்சிக்குச் சொட்டு, காதுக்குள் பூச்சி இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு கருத்தடை. மறுநாளே கடுவன் சாதுவாகிவிடும் என்று நம்புவோர் உண்டு. பழைய பழக்கங்கள் தணிய வாரக்கணக்கில் ஆகும். கருத்தடைக்குப்பின் 10 முதல் 14 நாள் தனி அறை. அங்கே தனிச் சோறு, தனித் தண்ணீர், தனி மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி.

மணல் தட்டுக்கு விதி, பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டு என்பது. நான்கு பூனைக்கு ஐந்து. மனிதர்களுக்கு அந்த வீட்டில் ஒன்று.

துண்டியல்

இனி இவ்வாய்வின் உயிர்நிலைக்கு வருகிறோம். பூனை ஆளைக் கண்ணால் ஏற்பதில்லை, மூக்கால் ஏற்கிறது. அதன் கன்னம், நெற்றி, தாடை, பாதம், வாலடி ஆகியவற்றில் மணச் சுரப்பிகள் உள்ளன. ஒரே கூட்டத்துப் பூனைகள் ஒன்றோடொன்று உரசி உரசிக் கூட்டத்துக்குப் பொதுவான ஒரு வாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை உள்ளவர் உறவு, இல்லாதவர் அயல். ஆகவே, அயலவரின் கன்னத்தில் ஒரு துண்டைத் தேய்த்து அதை உறைபூனைகளிடம் வைக்க வேண்டும். அவற்றின் கன்னத்தில் தேய்த்த இன்னொரு துண்டை அயலவரிடம் வைக்க வேண்டும். நேரில் பார்க்கும் முன்பே ஒருவர் மணம் மற்றவருக்குப் பழகிவிடும். இதை உலகப் பூனையியல் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. எந்தத் துண்டு என்று கேட்கவில்லை.

நாம் கேட்கிறோம். துண்டு காசித்துண்டு, குற்றாலத் துண்டு, டர்க்கித் துண்டு என மூவகைப்படும். காசித்துண்டு மெல்லியது, மணத்தை விரைவில் வாங்கி விரைவில் விடும். குற்றாலத் துண்டு பலமுறை நனைந்து காய்ந்து தனக்கென ஒரு வாசனையைச் சேர்த்துக்கொண்டிருப்பதால், அதில் பூனையை மட்டும் பிரித்தறிவது கடினம். டர்க்கித் துண்டின் நூற்சுருள்களில் நகம் மாட்டும். பூனை துண்டோடு ஓடும். துண்டு இல்லாத மனிதர் குளியலறையில் காத்திருப்பார். காசித்துண்டே சிறந்தது என்பது ஒரு குழு. சலவை செய்த எந்தத் துண்டும் உதவாது, பெட்டி போட்டால் மணமே செத்துவிடும் என்பது எதிர்க்குழு (அயர்ன்காரர், ‘துண்டும் மடிப்பும்: ஒரு கரிப்பெட்டி அணுகுமுறை’, தொகுதி இரண்டு, மூன்றாம் மடிப்பு, ஓரம் தீய்ந்த பிரதி, தீய்ந்த பகுதியில்தான் முதன்மைச் சான்று இருந்ததாக அறிகிறோம். அவர் மனைவி எழுதிய ‘தீய்த்தது யார்?’ என்னும் மறுப்பு நூலையும், அதற்குப் பதிலாக எழுந்த நெடிய மௌனத்தையும் ஒப்பிடுக).

துண்டால் இடம் பிடிக்கலாம் என்பது தமிழருக்குப் புதிதன்று. பேருந்து, நிலையத்துக்குள் நுழையும்போதே சன்னல் வழியாக ஒருவர் துண்டை எறிகிறார். ஆள் இன்னும் கீழே நெரிசலில் இருக்கிறார். இருக்கையில் துண்டு இருக்கிறது. அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை, வந்தால் சீறல். தன் மணத்தை முன்னே அனுப்பி உடலைப் பின்னே கொண்டுவருதல் என்னும் கோட்பாடு இதுவே. கவுன்சிலரின் துண்டைக் கூடத்தில் போட்டபோது டீத்தூள் மூன்று முறை சுற்றிவந்தது. குண்டு அதன்மேலேயே உட்கார்ந்தது. சின்னப்பொண்ணு முகர்ந்து, வாயை அரைகுறையாகத் திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, தொலைவில் எதையோ நினைப்பவளாக நின்றாள். பூனையின் மேலண்ணத்தில் யாக்கப்சன் உறுப்பு என்று ஒன்று உண்டு. மணத்தை அங்கே அனுப்பிப் படிக்கும்போது வருவது இந்த முகம். புறத்தேர்வாளர் ஆய்வேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டும்போதும் இது காணப்படுகிறது.

துண்டின் பட்டம் பெற்ற வடிவம் பொன்னாடை. பன்னாட்டுக் கருத்தரங்கில் (பக்கத்து ஊரிலிருந்து இருவரும், கைப்பேசித் திரையில் யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவரும் கலந்துகொள்வது பன்னாட்டுக் கருத்தரங்கு) அது தலைமையுரையாளர் தோளில் விழுகிறது. அவர் அதை மடிப்புக் கலையாமல் வைத்திருந்து, அடுத்த மாதம் நெல்லையில் வாழ்த்துரையாளருக்குப் போர்த்துகிறார். அவர் அதைத் தஞ்சைக்குக் கொண்டுபோய்த் தம் நெறியாளருக்குப் போர்த்துகிறார். ஒரு சுற்று முடிவதற்குள் துறை முழுவதற்கும் ஒரே மணம் வந்துவிடுகிறது. அதன்பின் ஒருவர் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டலாம், சீறத் தேவையில்லை. பூனைகள் இதைக் கன்னத்தாலேயே செய்துகொள்கின்றன. பதிவுக் கட்டணம் வாங்குவதில்லை, கட்டுரைத் தொகுப்புக்கு ஐ.எஸ்.பி.என். எண் கேட்பதில்லை, மதிய உணவு சான்றிதழுக்கு முன்பா பின்பா என்ற ஐயமும் அவற்றுக்கு இல்லை.

துண்டியலைத் தனித்துறையாக அறிவித்து இருக்கை ஒன்று நிறுவ வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் பரிந்துரை. அந்த இருக்கையில் முன்கூட்டியே ஒரு துண்டு போடப்பட்டுள்ளது.

துண்டுக்குப் பின்

மூடிய கதவின் இருபுறமும் ஒரே நேரத்தில் சோறு வைத்தல். உப்பில்லாமல் வேகவைத்த மத்தி நல்லது. முதலில் கிண்ணங்கள் கதவிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். நிம்மதியாகச் சாப்பிட்டால் ஒவ்வொரு வேளையும் சிறிது நெருக்கலாம். யாராவது சாப்பாட்டை விட்டுக் கதவிடுக்கில் கையை விட்டால் மறுபடி தள்ள வேண்டும். அடுத்து அறை மாற்றம்: அயலவர் கூடத்தை முகரட்டும், மற்றவர்கள் அவர் அறையை முகரட்டும், நேரில் சந்திக்காமல். அடுத்துத்தான் பார்வை. கதவுக்குப் பதில் கொசுவலைச் சட்டம் போதும். அதை அடிக்க வந்த தச்சர் “பூனைக்கா சார்?” என்று கேட்டுவிட்டுக் கூலியைக் குறைத்துக்கொண்டார், இதன் பொருள் இன்னும் விளங்கவில்லை.

வலையை எடுத்தபின் சந்திப்புகள் குறுகியவையாக, எல்லாரும் சலிக்கும் முன்பே முடிய வேண்டும். சண்டை மூண்டால் நடுவில் கையை விடக் கூடாது. தலையணையை விட வேண்டும்.

எத்தனை நாளில் முடியும்? சில வீடுகளில் வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள். கட்டிப்பிடித்துத் தூங்குவதை எதிர்பார்ப்பவர்கள் நாட்காட்டிப் படங்களை அதிகம் பார்த்தவர்கள். ஒரே கூடத்தில் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருப்பதே வெற்றி. எதிர்வீட்டு மாமியும் இவ்வாய்வாளரின் அம்மாவும் அந்தக் கட்டத்தை எட்டி நெடுநாளாகிறது.

வாய்மொழித் தேர்வு

வலை நீங்கிய கூடத்தில், குழாய்விளக்கு வெளிச்சத்தில் கவுன்சிலர் ஆஜரானார். டீத்தூள் பீரோ மேலிருந்து பார்வையாளராகக் கலந்துகொண்டது. குண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தபடியால் கேள்வி எழுப்பவில்லை. தேர்வாளராகிய சின்னப்பொண்ணு நெருங்கி, கிழிந்த காது தொடங்கி வாலடி வரை வரிவரியாக முகர்ந்து, நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மூக்கின்மேல் ஒரே ஓர் அறை வைத்துவிட்டு, தன் கிண்ணத்துக்குப் போனாள். சிறு திருத்தங்களுடன் ஏற்கலாம் என்பது துறையில் இதற்குப் பொருள்.

திருத்தங்களைக் கவுன்சிலர் இன்னும் சமர்ப்பிக்கவில்லை.