பேனர் நீளம் பாத்துச் சேரு மாப்ளே

வாப்பா மாப்ளே, ஒக்காரு. பொண்ணை எந்த ஸ்கூல்ல சேக்கறதுன்னா கேக்க வந்தே? என்னை எதுக்குக் கேக்கறே? பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுல இருந்து ஓசூர் ரோடு வரைக்கும் பேனரா கட்டித் தொங்குதே. எவன் பேனர் நீளமோ அவன்கிட்ட பணத்தைக் கட்டிட்டு வந்துடு.

பேனரைப் பாத்தியா? நடுவுல தாளாளர், ஆளுயரத்துக்குக் கைகூப்பிக்கிட்டு. மார்க் எடுத்த புள்ளைங்க ஓரத்துல ஸ்டாம்பு சைஸ்ல. பரீட்சை எழுதுனதே அவர்தானோன்னு எனக்குச் சந்தேகம். மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம்னு அறிவிக்கறதை 2017-லயே கவர்மென்ட் நிறுத்திடுச்சு. அதுக்காக விடுவாங்களா? 'பள்ளி முதலிடம்'னு போட்டுக்கறாங்க. எந்தப் பள்ளியிலப்பா முதலிடம் இல்லாம போச்சு?

அப்புறம் அந்த '100% தேர்ச்சி'. நம்ம தக்காளி மண்டிக்குத் தெரியாத வித்தையா அது? பெட்டி கட்டறதுக்கு முன்னாடியே நசுங்கினதையெல்லாம் பொறுக்கிக் கடாசிட்டா, எந்த வியாபாரி வந்து கிளறினாலும் நூத்துக்கு நூறுதான். எட்டாவது வரைக்கும் ஃபெயில் போட முடியாது. ஒன்பதாவதுல கூப்பிட்டு, "உங்க பையனுக்கு எங்க ஸ்கூல் செட் ஆகாது, டிசி வாங்கிக்குங்க"ம்பாங்க. இல்லேன்னா தனித்தேர்வரா எழுத வெப்பாங்க. அவன் தவறினாலும் பள்ளிக் கணக்குல ஏறாது.

டிசி வாங்கின புள்ளை நேரா கவர்மென்ட் ஸ்கூலுக்குத்தான் வரும். அந்த வாத்தியாரு சாயங்காலமும் ஒக்கார வெச்சு, ஒரு மார்க் கேள்வியா உருப்போட வெச்சு, முப்பத்தஞ்சுக்கு இழுத்தாந்து நிறுத்துவாரு. அதுலயும் நாலு பேர் தவறினா மீட்டிங்குல ஹெச்.எம்.மை எழுப்பி நிக்க வெச்சு, "உங்க பர்சன்டேஜ் ஏன் கொறைஞ்சுது?"ன்னு கேள்வி. கடாசினவனுக்குப் பேனரு, பொறுக்கியெடுத்தவனுக்கு மெமோ.

பதினொண்ணாவது புஸ்தகத்தைத் தொடாமலே ரெண்டு வருசமும் பன்னெண்டாவது பாடத்தை ஓட்டின மகானுங்களும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. 2025-ல அதையும் எடுத்துட்டாங்க. மகானுங்களுக்கு மறுபடி நல்ல காலம்.

சீமையில மட்டும் என்ன வாழுதாம்? 2020-ல கொரோனாவால ஸ்காட்லாந்துல பரீட்சை நடக்கலை. வாத்தியாருங்க போட்டுக் குடுத்த கிரேடை, 'உங்க ஸ்கூல் இதுக்கு முன்னாடி எப்படி?'ன்னு பாத்து, கிட்டத்தட்ட ஒண்ணேகால் லட்சம் ரிசல்ட்டைக் கொறைச்சுப்புட்டாங்க. ஏழைப்பட்ட ஏரியாப் புள்ளைங்களுக்குத்தான் வெட்டு ஜாஸ்தி. படிச்சது புள்ளை, மார்க்கு பள்ளிக்கூடத்து ஜாதகத்துக்கு! கூச்சல் கெளம்பினதும் ஒரே வாரத்துல கல்வி மந்திரி மன்னிப்புக் கேட்டு, வாத்தியாரு போட்டதையே திருப்பிக் குடுத்தாரு. நாம அந்த வருசம் பத்தாவதுக்கு ஆல் பாஸ். ஊர்ல எல்லா ஸ்கூலும் நூத்துக்கு நூறு. பாவம், பெருமை பேசத்தான் ஆளில்லை.

சரி, கெளம்பு. அட்மிஷனுக்குப் போறப்ப ஒண்ணே ஒண்ணு மட்டும் கேளு. "போன வருசம் ஒன்பதாவதுல எத்தனை புள்ளைங்க? இந்த வருசம் உங்க பேர்ல பத்தாவது எழுதினது எத்தனை?" ரெஜிஸ்டரை எடுத்துக் காட்டினா அங்கயே சேத்துடு. "சீட்டு முடிஞ்சுடுச்சுங்க"ன்னா வருத்தப்படாதே. பொண்ணை அவங்க வேணாங்கலை, உன்னைத்தான்.