வரைபடத்தில் வளையும் சாலை

மேற்குக் கனடாவில் நெடுந்தூர மோட்டார் சைக்கிள் பயணம் என்பது, வண்டி கொட்டகையில் போர்வை போர்த்திக் கிடக்கும் பனிக்காலத்தில், மேசைமீது விரித்த வரைபடத்தில் தொடங்குவது மரபு. அந்தப் பயணத்தில் மழையோ முதுகுவலியோ இல்லாததால் அதுவே சிறந்த பயணம் என்று கருதவும் இடமுண்டு. திட்டமிடுபவரின் பேனா, டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலை 1,330 மீட்டர் உயரத்தில் ஏறிக் கடக்கும் ராஜர்ஸ் கணவாயை வளைவு வளைவாகத் தடவி மகிழ்கிறது. பிரெய்ரி எனப்படும் புல்வெளிச் சமவெளியை, அதாவது கால்கரி முதல் வின்னிபெக் வரையான ஏறத்தாழ 1,300 கிலோமீட்டரை, ‘நேரே செல்க’ என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது.

அந்த வரியில் அடங்காதது காற்று. அது பக்கவாட்டில் ஓயாது வீசும் நாளில் வண்டியைச் சாய்த்துப் பிடித்தே ஓட்ட வேண்டியிருப்பதால், மலை வளைவுகளில் சாய்ந்து செல்லக் கனவு கண்டவர் அக்கலையை நேர்சாலையில் பயில்கிறார். வளைவற்ற சாலையில் டயரின் நடுப்பகுதி மட்டுமே தேய்ந்து தட்டையாகும் என்பதும், மலைக்கென்று தேடி வாங்கிய மென்ரப்பர் டயர் இன்னும் விரைந்து தேயும் என்பதும் சமவெளி இலவசமாகக் கற்பிக்கும் பாடங்கள். பொதிப்பட்டியலில் கூடாரம், மடக்கு நாற்காலி, காபி வடிகட்டி என எல்லாம் இருக்கும். காற்றிரைச்சலிலிருந்து செவியைக் காக்கும் அடைப்பான் மட்டும், மிக மலிவானது என்பதாலோ என்னவோ, இராது. இவ்வழி செல்ல எண்ணும் வாசகர் அதையே முதலில் வாங்குவாராக.