சும்மா நிற்கிற வண்டிக்குக் காசா?

ஆறு தெரிகிற அறைதான் வேண்டும் என்றால் கூடக் கொஞ்சம் போட்டு அதையே எடுப்பார். சாப்பிடப் போன இடத்தில் மெனு அட்டையின் வலது ஓரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பரிமாறுகிற பையனுக்கு இருபது சதவீதம் டிப்ஸ், மனசு குளிர்ந்தால் அதற்கு மேலும். இவரைக் கஞ்சன் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். ஆனால் தெருவோரத்தில் ‘பார்க்கிங் 12 டாலர்’ என்று ஒரு பலகை கண்ணில் பட்டுவிட்டால் போதும், முகம் சுண்டிவிடும். “சும்மா நிக்கிற வண்டிக்கு எதுக்குக் காசு?”

இந்த ரகக் கணவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன். ஒரு பேச்சுக்கு, ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸில் குடியிருக்கும் ஒரு தம்பதி, கல்யாண நாளுக்காகப் பிள்ளைகளைச் சிநேகிதர் வீட்டில் விட்டுவிட்டு, சனி ஞாயிறுக்குப் பிட்ஸ்பர்க் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேர ஓட்டம்.

மேற்கிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு வித்தை வைத்திருக்கிறது. ஃபோர்ட் பிட் சுரங்கப்பாதைக்குள் நுழைகிறவரை வெறும் மலையும் மரமும்தான். வெளியே வந்த நொடியில் வண்டி பாலத்தின் மேல் இருக்கும். அலகேனியும் மனோங்கஹீலாவும் கூடி ஒஹையோ ஆறாகிற முனை, மஞ்சள் பாலங்கள், கண்ணாடிக் கட்டடங்கள் எல்லாம் மொத்தமாக எதிரில் வந்து நிற்கும். “ஏங்க, பாருங்களேன்!” என்றாள் அவள். பார்த்தார். “ஸ்டேடியம் தெரியுதா? அதுக்குப் பின்னாடி தெருவுல எங்கயாவது விட்டுட்டோம்னா, அங்கேருந்து டவுன்டவுனுக்கு டிரெயின் ஃப்ரீ. ஆத்துக்கு அடியிலேயே போவுது.”

உண்மைதான். வடகரைக்கும் நகர மையத்துக்கும் நடுவே அந்த ரயிலில் டிக்கெட் கிடையாது. இப்படி ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை, எல்லாம் இந்த ஒரு ஜன்னல் வழியாக. பார்க்கிங் கட்டணத்தின் மேல் பிட்ஸ்பர்க் நகரசபை 37.5 சதவீத வரி போடுகிறது, ஒரு காலத்தில் அதுவே 50 சதவீதமாக இருந்தது என்பதைச் சொல்லும்போது குரல் நடுங்கும். உலகத்தின் முதல் பார்க்கிங் மீட்டரை 1935-இல் ஓக்லஹோமா சிட்டியில் நட்டார்கள், மணிக்கு 5 சென்ட் வாங்கினார்கள் என்ற வரலாற்றை, ஏதோ சொத்து பறிபோன கதையாகச் சொல்லுவார். ஓவியர் ஆண்டி வார்ஹோல் இந்த ஊர்க்காரர் என்பதை அவள்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

ஹோட்டல் வாசலில் வண்டியை எடுத்துப்போய் நிறுத்தப் பையன் ஓடி வந்தான். ஓர் இரவுக்கு 45 டாலர். “நோ நோ, ஜஸ்ட் டிராப்பிங்” என்று பெட்டிகளையும் மனைவியையும் இறக்கிவிட்டுப் போனவர் திரும்பி வருவதற்குள், அவள் குளித்து, உடை மாற்றி, அம்மாவுக்குப் போன் பேசி, அறையிலிருந்த காப்பிப் பொடி இரண்டு பொட்டலத்தையும் தீர்த்துவிட்டாள். வந்தவர் வியர்த்திருந்தார், ஆனால் முகத்தில் ஒளி. எங்கே விட்டீர்கள் என்று கேட்டாள். “பக்கம்தான்.”

பக்கம் என்பதை இந்த ரகத்தார் வாயிலிருந்து கேட்டால் ஷூ போட்டுக்கொள்ளுங்கள். பிட்ஸ்பர்க் மலைமேல் ஏறி இறங்குகிற ஊர். பொதுப் படிக்கட்டுகளே 700-க்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பல, சட்டப்படி தெருக்கள். படிக்கட்டின் தலைமாட்டில் தெருப்பெயர்ப் பலகை நிற்கும். வரைபடத்தில் ஆளில்லாத குட்டித் தெரு ஒன்றைக் கண்டுபிடித்து ஆசையாக ஓட்டிப் போனால், முடிவில் வண்டிக்கு எதிரே கீழ்நோக்கி இறங்குகிற கான்கிரீட் படிகள். “தெருன்னு போட்டிருக்கானே!” என்று இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது, சரிவில்.

அடுத்தது நாற்காலி. சவுத் சைட் மேட்டில், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு முன்னால் ஓர் இடம் காலியாக இருந்தது. முழுக் காலி இல்லை. நடுவில் ஒரு சமையலறை நாற்காலி போட்டிருந்தார்கள். சிவப்பு ரெக்சின், ஒரு கால் துருப்பிடித்தது. பிட்ஸ்பர்க்கில் இது எழுதாத சட்டம். வாசலில் பனியை வாரி இடம் பண்ணியவர், வேலைக்குப் போய்விட்டு வரும்வரை காவலுக்கு ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். பனி இல்லாத மாதங்களிலும் சிலர் போடுவார்கள். எழுதின சட்டத்தில் அதற்கு இடமில்லை, ஆனாலும் உள்ளூர்க்காரர் தொடமாட்டார்.

இவர் உள்ளூர்க்காரர் இல்லையே. “பொதுத் தெரு. நாற்காலிக்கு என்ன பட்டா இருக்கா?” என்று இறங்கி, அதன் முதுகைப் பிடித்துத் தூக்கி இரண்டு எட்டு வைத்தார். எதிர் வீட்டுத் திண்ணையில் காப்பிக் கோப்பையோடு ஒரு பாட்டி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். இவர் நாற்காலியைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே வைத்தார். கோணல் இல்லாமல் நேராக்கினார். உட்காரும் பலகையை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டித் தூசி துடைத்தார். “சாரி மேடம், ஜஸ்ட் லுக்கிங்.” வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நல்ல ஐடியாதான். நம்ம வீட்டுக்கு முன்னாடியும் ஒண்ணு போடலாம்.”

வார்ஹோல் மியூசியம் ஏழு மாடி. உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாக இறங்கி வர வேண்டும். இரண்டு பேருக்கும் சந்தோஷமாக டிக்கெட் எடுத்தார். ஆனால் வண்டியை விட்டிருந்தது, பெர்மிட் இல்லாதவர்கள் இரண்டு மணி நேரம் மட்டும் நிறுத்தலாம் என்கிற தெருவில். அங்கிருந்து நடந்து வந்ததிலேயே பாதிப் பொழுது போயிற்று. வெள்ளித் தலையணைகளாகப் பலூன்கள் மிதக்கிற அறையில் ஒன்று அவள் தோளில் மெல்ல வந்து முட்டியபோது அவர் போனில் அலாரம் அடித்தது. மீதியை வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். மழையிலோ பனியிலோ இவர் மனைவியை ஒரு நாளும் நடக்க விட்டதில்லை. வாசலில் இறக்கிவிட்டு, தான் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து, தான் மட்டும் நனைந்து வருவார். கூட வந்த சிநேகிதர் குடும்பங்களுக்கும் அதே மரியாதைதான். அவள் அம்மா இங்கே வந்திருந்தபோது, “மாப்பிள்ளை தங்கம்” என்று இதற்காகவே சொன்னாள். தங்கம்தான். வந்து சேரத்தான் நேரமாகும்.

அன்று இரவும் அப்படித்தான். மவுன்ட் வாஷிங்டன் குன்றின் மேல், ஊர் முழுக்கக் காலடியில் மின்னுகிற கிராண்ட்வியூ அவென்யூவில், ஜன்னலோர மேஜை. அவளை இறக்கிவிட்டுப் போனார். தண்ணீர் வந்தது, பிரெட் வந்தது. பரிமாறுகிறவர், யாராவது வருவார்களா என்று முதலில் சாதாரணமாகக் கேட்டார், அடுத்த தடவை தணிந்த குரலில் கேட்டார். பக்கத்து மேஜைக்காரி அனுதாபமாகப் புன்னகைத்தாள். கல்யாண நாளன்று, புதுப் புடவையில், எதிரே காலி நாற்காலியை வைத்துக்கொண்டு பிரெட்டைப் பிய்த்துத் தின்பது எனக்கு வேடிக்கையாக இல்லை. பேசுவதற்காகத்தான் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தோம். போகும்போதெல்லாம் இடது பக்கம் நீ பார், வலது பக்கம் நான் பார்க்கிறேன் என்பதற்கு மேல் பேச்சில்லை. இருவருக்கும் கைநிறையச் சம்பளம் வருகிறது. ஊர் பார்க்கப் போன இடத்தில் நடைபாதையின் ஓரக்கல்லை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்புவதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

வந்தார். மேலே இடமே இல்லையாம். மலையடியில் கார்சன் தெருப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, டுகேன் இன்க்ளைனில் ஏறி வந்திருக்கிறார். பழனி விஞ்ச் மாதிரி, 1877-இலிருந்து ஓடுகிற சரிவு ரயில். அதற்கு டிக்கெட் உண்டே என்றேன்.

“அது நகர்ற வண்டி. நகர்ற வண்டிக்குக் குடுக்கலாம்.”

பிறகு இருப்பதிலேயே விலை கூடிய மீனை எனக்காக ஆர்டர் பண்ணினார்.

ஞாயிறு காலை பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில். 1970-களில் எழுப்பியது, இந்த நாட்டின் ஆரம்பகால இந்துக் கோயில்களில் ஒன்று. நிறுத்துமிடத்தில் மீட்டர் இல்லை, சீட்டு இல்லை, நேர வரம்பு இல்லை. வண்டியை இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவே விட்டு, பூட்டி, நாலு எட்டு நடந்து, திரும்பிப் பார்த்து நின்றார். உள்ளே பெருமாளிடம்கூட அவ்வளவு நேரம் நிற்கவில்லை. கீழே புளியோதரை சாப்பிடும்போது மட்டும் என்னோடு நிம்மதியாகப் பேசினார், பிள்ளைகளைப் பற்றி, அவர் அப்பாவின் முழங்காலைப் பற்றி. நன்றாகத்தான் இருந்தது. புளியோதரையும்.

அடுத்த தடவை கிளீவ்லண்ட் போகலாம் என்று கேட்டுப் பார்த்தேன். அங்கே ஆர்ட் மியூசியத்துக்கு அனுமதி இலவசம். உடனே போனை எடுத்துத் தேடினார். “படம் பாக்க ஃப்ரீயாம், கராஜுக்குக் காசாம். திருட்டுப் பசங்க. படத்துக்கு வாங்கிக்கிட்டு வண்டிய விடலாமில்ல?”

சரி, காரே வேண்டாம், பஸ்ஸில் போய்விடுவோம் என்றேன். நன்றாக யோசித்தார்.

“பஸ் ஸ்டாண்டுல வண்டிய எங்க விடறது?”