சுமை ஏற்றாத வண்டிக்காரர்

கோடைக்காலத்தில், அமெரிக்கச் சிற்றூர்களில் சனிக்கிழமை காலை பழைய வண்டிகள் வந்து கூடுகிற கார் நிறுத்துமிடம் எதற்குள் நுழைந்தாலும் இவர் இருப்பார். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தலையில் தொப்பி, பின்பாக்கெட்டில் துடைக்கும் துணி, உட்கார மடக்கு நாற்காலி. பக்கத்தில் நிற்பது 1967-க்கும் 1972-க்கும் இடையில் செவர்லே தயாரித்த சி-10 பிக்கப். ஒரு காலத்தில் வைக்கோலும் உர மூட்டையும் சுமந்து முதுகொடிந்த வண்டி. இவர் கைக்கு வந்ததும் அதற்கு ஓய்வு கிடைத்துவிட்டது.

சி-10 எட்டடிச் சரக்குத் தொட்டியோடும் வந்தது, ஆறரை அடித் தொட்டியோடும் வந்தது. குட்டைதான் அழகு என்பது இவர் கட்சி. அதற்கு இப்போது விலை அதிகம் என்பதால் நெட்டையை வாங்கி, சேஸிஸை அறுத்து, சக்கரங்களுக்கு நடுவே 12 அங்குலத்தை எடுத்துவிட்டு மறுபடி பற்றவைப்பார். குறைவாகச் சுமப்பதற்கு இவ்வளவு செலவு செய்த மனிதரை எந்தப் பொருளாதாரப் பாடத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது காற்றுப் பை சஸ்பென்ஷன். பொத்தானை அழுத்தினால் வண்டி புஸ்ஸென்று மூச்சை விட்டு, கல்யாணப் பந்தியில் மூன்றாம் முறை பாயசம் வாங்கியவர் மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். அப்படி உட்காரும்போது பின் அச்சு மேலே ஏற இடம் வேண்டுமல்லவா? அதற்காகச் சேஸிஸைப் பிறை வடிவில் வெட்டி, தொட்டியின் தளத்தையும் உயர்த்துவார். ஏற்கெனவே குட்டையான தொட்டி இப்போது ஆழமும் இல்லாமல் போயிற்று. மிச்சமிருப்பதில் ஓக் பலகை பதித்து, இடையிடையே எவர்சில்வர் பட்டை ஓட்டி, வார்னிஷ் பூசியிருப்பார். காபிக் கோப்பையை அதன்மேல் வைக்கப் போன ஓர் அப்பாவியைத் தடுக்க இவர் நாற்காலியிலிருந்து பாய்ந்த வேகத்தைப் பார்த்தவர்கள், மூட்டுவலி என்று இவர் சொல்வதை இனி நம்ப மாட்டார்கள்.

கதவில் கைப்பிடி கிடையாது. பார்வையைக் கெடுக்கிறதாம், வெட்டி எறிந்து, ஓட்டையை அடைத்து, பெயின்ட் அடித்தாயிற்று. ரிமோட்டை அழுத்தினால் கதவு தானாகத் துள்ளித் திறக்கும், பேட்டரியில் உயிர் இருக்கும்வரை. உயிர் போன நாளில், வண்டிக்கடியில் ஒளித்துவைத்த அவசரக் கம்பியைத் தேடித் தரையோடு தரையாகப் படுத்திருப்பார். கேட்டால் எண்ணெய்க் கசிவு பார்ப்பதாகச் சொல்வார்.

பானெட்டுக்குள் இருப்பது, 1997-இல் கார்வெட் காரில் அறிமுகமான எல்.எஸ். வகை வி-8 இன்ஜின். நானூறு குதிரைத்திறனுக்குக் குறையாது என்பார். அத்தனை குதிரைகளும் சேர்ந்து இழுப்பது ஐஸ்கிரீம் கடை வரைக்கும்தான். அதிலும் வழியில் வேகத்தடை இருந்தால் ஊரைச் சுற்றிப் போக வேண்டும்.

இவருக்கு நேர் எதிரே துருக் கட்சிக்காரர் உட்கார்ந்திருப்பார். பெயின்ட் அடிப்பதே பாவம் என்பது அவர் கொள்கை. ஐம்பது ஆண்டுத் துருவை அப்படியே விட்டு, மேலே பளபளக்கும் பூச்சு கொடுத்துக் காப்பாற்றுவார். மாற்றிய புதுத் தகடு மட்டும் துருவில்லாமல் மானத்தை வாங்குகிறதே என்று, அதற்குத் துரு தீட்ட ஓவியரை அழைப்பார். கதவில் எங்குமே இருந்திராத தீவனக் கடையின் பெயரையும் பாதி அழிந்தாற்போல் எழுதச் சொல்வார். இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை உண்டு, மரியாதை இல்லை.

டென்னசியில் பிஜன் ஃபோர்ஜ் என்ற மலையூரில் பழைய வண்டித் திருவிழா என்றால் இவருக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் வழியில் மழை வரலாம், சரளைக்கல் தெறிக்கலாம். ஆகவே சி-10-ஐ மூடிய டிரெய்லருக்குள் ஏற்றிக் கட்டி, அதை இழுக்க என்றே புது பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். நாற்காலி, ஐஸ் பெட்டி, ஜாக்கி எல்லாம் அதன் தொட்டியில்தான் போகும். ஊரில் சோபா மாற்றுகிறவர்களுக்கும் அதுதான் கைகொடுக்கிறது.

போன வாரம் அதன் பக்கத்தில் அளவுநாடாவோடு குந்தியிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன்.

"ஒன்றுமில்லை. கொஞ்சம் உயரமாகத் தெரியவில்லை, இது?"