நாய் கவ்விய கபாலம்

தளவானூர்க் குடைவரையின் வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு மார்ட்டின் ஸ்கோர்செஸியின் ஜாதகத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். 1976இல் ‘டாக்ஸி டிரைவர்’. 1980இல் ‘ரேஜிங் புல்’. அந்தப் படத்துக்காக ராபர்ட் டி நீரோ உடம்பை ஏற்றிய கதை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இயக்குநருக்கான ஆஸ்கர் கொடுக்க 2007 வரைக்கும் இழுத்தடித்த அநியாயம். அந்த அநியாயத்தைச் சொல்லும்போது பையனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. தினமும் செஞ்சிக்குப் பஸ் பிடித்துப் படிக்கப் போகிறவன். படத்தின் பெயர், வருஷம், கேமராமேன் எல்லாம் விரல் நுனியில். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே வயிறும் எரிந்தது.

“தம்பி, டி. பி. ராஜலட்சுமின்னு கேள்விப்பட்டிருக்கியா?”

“யாரு பெரியப்பா, சீரியல்ல வராங்களே, அவங்களா?”

திட்ட வாய் எழவில்லை. தமிழ் பேசிய முதல் சினிமாவின் கதாநாயகி. 1936இல் ‘மிஸ் கமலா’வை இயக்கி, தமிழில் படம் எடுத்த முதல் பெண். இவ்வளவும் சொல்லிவிடலாம். “காட்டுங்க பெரியப்பா” என்று அவன் செல்போனை நீட்டினால்? ஸ்கோர்செஸியின் படங்களை இந்த மலையடிவாரத்தில், டவர் கிடைக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, இப்போதே பார்த்துவிடலாம். ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ உலகத்தில் எங்கேயும் இல்லை. ‘மிஸ் கமலா’வும் இல்லை.

‘காளிதாஸ்’ படச்சுருள் பம்பாயிலிருந்து ரயிலில் வந்து இறங்கியபோது, சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து தியேட்டர் வரைக்கும் ஊர்வலமாக எடுத்துப் போனார்கள் என்று சொல்வார்கள். வழிநெடுகத் தேங்காய் உடைத்தார்களாம், பூ இறைத்தார்களாம், சாம்பிராணி காட்டினார்களாம். 1931 அக்டோபர் 31ஆம் தேதி கினிமா சென்ட்ரலில் வெளியானது. சூடம் காட்டிக் கும்பிட்ட பெட்டியைக் கடைசியில் எந்தக் குப்பைமேட்டில் போட்டோம் என்று சொல்ல ஆளில்லை. கும்பிடத் தெரிந்த அளவுக்கு நமக்குப் பெட்டியைப் பூட்டி வைக்கத் தெரியவில்லை.

குப்பைமேடு என்பதுகூட மரியாதையான சொல்தான். கருப்பு வெள்ளைப் படச்சுருளின் மேல்பூச்சில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த படத்தை எடைக்குப் போட்டால், அதைக் கரைத்து வெள்ளி எடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். இந்தியா முழுக்க இந்த வியாபாரம் நடந்தது. வெள்ளித்திரை என்று பெயர் வைத்தவர் அழகுக்காக வைத்திருப்பார். நம் ஆட்கள் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பிவிட்டார்கள். ஒரு நடிகையின் பத்து வருஷத்து அழுகையும் சிரிப்பும் உருகி யார் வீட்டுக் குங்குமச்சிமிழ் ஆனதோ, எந்தக் குழந்தையின் அரைஞாண் ஆனதோ. நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகளில் அந்தச் சிமிழைக் கொஞ்சம் காதருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். வசனம் வந்தாலும் வரும்.

நான் உட்கார்ந்திருந்த இடத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். ஊர்க்காரர்களுக்கு இது பஞ்சபாண்டவர் மலை. பாண்டவர்களுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. குடைந்தவன் பல்லவன் முதலாம் மகேந்திரவர்மன்; வைத்த பெயர் சத்ருமல்லேசுவராலயம். சத்ருமல்லன் என்பது அவனுடைய பட்டப்பெயர்களில் ஒன்று. குணபரன், விசித்திரசித்தன், லளிதாங்குரன் என்று இன்னும் ஒரு கூடை இருக்கிறது. பட்டப்பெயர் ஆசையில் நம் நடிகர்களுக்கு அவன் முப்பாட்டன். ஆனால் ஒரு வித்தியாசம். பக்கத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று வெட்டி வைத்தானே, அதைச் செய்து முடித்துவிட்டு வெட்டினான். முதல் படத்துக்குப் பூஜை போடும் முன்பே பட்டப்பெயர் போட்டு போஸ்டர் அடித்துக்கொள்ளவில்லை.

அந்த மகேந்திரன் ஓர் அங்கதமும் எழுதியவன். ‘மத்தவிலாசப் பிரகசனம்’, சம்ஸ்கிருதத்தில். கதை காஞ்சிபுரத்தில் நடக்கிறது. குடிகாரக் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். அவன் பிழைப்பே அந்த மண்டையோடுதான். எதிரே வந்த புத்த பிட்சுவைப் பிடித்துக்கொண்டு, நீதான் திருடினாய் என்று தெருவே கூடும்படி கூச்சல் போடுகிறான். பஞ்சாயத்துக்குப் பாசுபதன் ஒருவன் வருகிறான். கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், பிட்சுவிடம் மடத்துப் பணம் இருக்கிறது, அதிகாரிகள் வாயை அடைத்துவிடுவான் என்று காபாலிகனோடு வந்தவள் சொல்கிறாள் (பல்லவர் காலத்துச் செய்தி, இன்றைய செய்தித்தாளைப் பார்த்து நான் எழுதவில்லை). உண்மையில் கபாலத்தைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். அதில் சுட்ட இறைச்சி இருந்தது. நாய்க்குத் தத்துவச் சண்டை எதுவும் இல்லை, வாசனை போதும். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் அந்த நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து சேர்க்கிறான்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே நம்மைப் பார்த்து எழுதியிருக்கிறான் என்றுதான் தோன்றுகிறது. தமிழ் சினிமாவின் பழைய படங்கள் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஹாலிவுட் வந்து கெடுத்தது என்பான் ஒருவன். டிவி வந்து கெடுத்தது என்பான் இன்னொருவன். வடநாட்டான் சதி என்பவனும் உண்டு. எதிரே வருகிற பிட்சு ஒவ்வொருவனின் மடியையும் தடவிப் பார்த்தாகிவிட்டது. நாய் வெள்ளி வாசனை பிடித்துக்கொண்டு எப்போதோ சந்து தாண்டிப் போய்விட்டது. நாயைத் திட்டியும் பயனில்லை. கபாலத்தில் இறைச்சியை வைத்துத் திண்ணையில் விட்டுவிட்டுக் குடிக்கப் போனவர்கள் நாம்.

பைத்தியக்காரர்களும் நமக்கு வாய்த்தார்கள். புனேயில் 1964இல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை எழுப்பிய பி. கே. நாயர் ஒருவர். சென்னையில் படம் படமாகத் தகவலும் புகைப்படமும் சேர்த்து வைத்த பிலிம் நியூஸ் ஆனந்தன் இன்னொருவர். 2016 மார்ச் 4ஆம் தேதி நாயர் போனார். அதே மார்ச் 21ஆம் தேதி ஆனந்தன் போனார். தமிழ் சினிமாவின் ஞாபகசக்தியில் பாதி ஒரே மாதத்தில் போனது. நாம் அந்த மாதம் யார் படத்துக்கு டீசர் வந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மௌனப் பட காலத்தில் இந்தியாவில் எடுத்தவை சுமார் 1,700. முழுசாக மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடராஜ முதலியார், மோட்டார் உதிரி பாகம் விற்றவர், வியாபாரத்தில் பார்த்த காசைக் கொட்டி எடுத்த ‘கீசகவதம்’ இல்லை. தெற்கே பிழைத்தது நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த ‘மார்த்தாண்ட வர்மா’. எப்படிப் பிழைத்தது தெரியுமா? நாவலின் உரிமை எங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட்டுப் படத்தை நிறுத்தினார்கள். சுருள் புத்தகக் கடையில் முடங்கிக் கிடந்தது. 1974இல் புனே காப்பகம் அதை மீட்டது. ஓடிய படமெல்லாம் செத்தது. ஓடவிடாமல் தடுத்த படம் உயிரோடு இருக்கிறது. ஆகவே நல்ல படம் எடுத்திருக்கும் இளம் இயக்குநர்களுக்கு என் ஆலோசனை: முதல் காட்சி முடிந்ததும் யாரையாவது பிடித்துக் கேஸ் போடச் சொல்லுங்கள். ரசிகர்களை நம்பாதீர்கள். நீதிமன்றத் தாமதத்தை நம்புங்கள்.

ஹாலிவுட்காரன் யோக்கியனா என்றால், இல்லை. அவனும் எரித்தான், கொட்டினான். ஆனால் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் உட்கார்ந்து எண்ணியது. மௌனப் படங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் ஒழிந்துவிட்டது என்று 2013இல் அறிக்கை போட்டு உலகத்துக்குச் சொன்னது. தொலைத்ததை எண்ணிப் பார்க்கிற வெட்கம் அவனுக்கு இருந்தது. நமக்குத் தொலைந்த கணக்குக்கூடத் தொலைந்துவிட்டது.

பையனின் ஸ்கோர்செஸி இங்கேதான் வருகிறார். பழைய படங்களைக் காப்பாற்ற 1990இல் அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2012இல் அவருடைய உலக சினிமாத் திட்டத்தின் பேரில் மீட்டெடுத்து கான் விழாவில் திரையிட்ட படங்களில் ஒன்று, உதய் சங்கரின் 1948ஆம் வருஷத்து ‘கல்பனா’. அது எங்கே எடுத்த படம்? சென்னை ஜெமினி ஸ்டுடியோவில். நம் பத்மினி முதலில் தலைகாட்டிய படம். அண்ணா மேம்பாலத்தடியில் தினமும் சிக்னலுக்கு நின்று ஹாரன் அடிக்கிறோமே, அந்த மண்ணில் ஆடிய ஆட்டத்தைத் துடைத்தெடுக்க நியூயார்க்கிலிருந்து ஒருத்தர் வர வேண்டியிருந்தது. அவர் ஆஸ்கருக்குக் காத்திருந்த கதை நமக்கு மனப்பாடம். அவர் நம் வீட்டுப் பரணைப் பெருக்கிக் கொடுத்த கதை தெரியாது.

எல்லிஸ் ஆர். டங்கனும் அமெரிக்கர்தான். ஓஹையோவில் பிறந்து, 1935இல் இங்கே வந்து, தமிழே தெரியாமல் பதினைந்து வருஷம் தமிழ்ப் படம் எடுத்தார். ‘சதி லீலாவதி’யில் எம்.ஜி.ஆரை அறிமுகப்படுத்தினார். நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையை ‘காளமேக’மாக்கினார். எம். எஸ். சுப்புலட்சுமியின் முகத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று பார்க்க, ‘மீரா’வுக்கு முன்னால் அவர் தலையைப் பிளாஸ்டரில் வார்த்து விளக்கு வைத்துப் பார்த்தார். மொழி தெரியாதவனுக்கு முகத்தின் அருமை தெரிந்தது. மொழி தெரிந்த நமக்குச் சுருளின் எடை மட்டும் தெரிந்தது.

1967க்கும் 2016க்கும் இடையில் சினிமாவிலிருந்து வந்து கோட்டையில் உட்கார்ந்த முதல்வர்கள் ஐந்து பேர். வசனம் எழுதியவர் இருவர், நடித்தவர் மூவர். நால்வருக்கு மெரினாவில் பளிங்கு. மனிதனுக்குக் கடற்கரையில் இவ்வளவு இடம் ஒதுக்கத் தெரிந்த மாநிலத்தில், அவர்களுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்த சினிமாவின் பழைய பிரதி வேண்டுமானால் புனேவுக்கு டிக்கெட் எடு என்கிறார்கள். கட்அவுட்டுக்கு ஊற்றிய பாலில் ஒரு நாள் பங்கை விற்றிருந்தால் குளிர் அறை ஒன்று கட்டியிருக்கலாம். படச்சுருளுக்குப் பால் வேண்டாம். குளிர்ச்சி வேண்டும், ஈரம் தாக்காத அறை வேண்டும். இதைச் சொன்னால் ‘கலையை மதிக்கத் தெரியாதவன்’ என்று என்னையே திட்டுகிறார்கள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நம் ஊர்க் கதை ஏதாவது படமாக வந்திருக்கிறதா என்றான். 1960இல் வந்த ‘ராஜா தேசிங்கு’ என்றேன், எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், பத்மினியும் இருப்பார். தேடிப் பிடித்தான். யாரோ டிவியிலிருந்து எடுத்துப் போட்ட பிரதி. மூலையில் ஒரு முத்திரை, அதற்கு மேல் இன்னொருவன் முத்திரை. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதிச் செத்த செஞ்சி ராஜா, நடுவில் வந்த சமையல் எண்ணெய் விளம்பரத்துக்கு வழிவிட்டு நின்றார்.

கீழே இறங்கும் வழியில் ஒரு பெரிய பாறை. அதில் யாரோ இனாமல் பெயிண்டால் தங்கள் நடிகரின் பெயரையும், முன்னால் ‘வருங்கால’ என்று ஒரு சொல்லையும், கீழே மன்றத்தின் பெயரையும் எழுதியிருந்தார்கள். பையன் நின்று விரலால் சுரண்டிப் பார்த்தான்.

“நல்ல பெயிண்ட் பெரியப்பா. பத்து வருஷம் ஆனாலும் போவாது.”