கேட்காத பாட்டின் ரசிகர்கள்

எங்கள் மாமாவிடம் எந்த அபூர்வப் பாட்டைப் பற்றிக் கேட்டாலும், "அந்தத் தட்டை இந்தக் கையால எடுத்துப் பார்த்திருக்கேன்டா" என்றுதான் ஆரம்பிப்பார். பிறகு ஒரு பெருமூச்சு. "மூர் மார்க்கெட்டோட போச்சு!"

சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது 1985-இல். பழைய கிராமபோன் தட்டுகள் அங்கே விலைக்குக் கிடைத்தது உண்மைதான். ஆனால் மாமா கணக்கில், 1991-இல் வந்த பாட்டுகளும் அந்தத் தீயில்தான் போயின.

கிடைக்காத பாட்டைத் தேடுகிறவர்கள் தனி இனம். வைத்திருப்பவர் தரமாட்டார்; தருகிறேன் என்பவரிடம் இருக்காது. அப்படி ஒரு பெரியவர், வெளிவராத படமொன்றின் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டினார். கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பெண் பார்க்க வந்தவனை உட்கார வைப்பதுபோல் என்னை உட்கார வைத்தார். பல்லவி முடிந்து வயலின்கள் எழும்பின. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"சரணம் சார்?"

"டேப் தேஞ்சுடும் தம்பி."

அவர் போட்டுக் காட்டியது செல்போனில்.

இவர்களாவது பாதிப் பாட்டு கேட்டவர்கள். ஒரு சுரம்கூடக் கேட்காமலே ரசிகரானவர்களும் இருக்கிறார்கள். 1993-இல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் சிம்பொனியை வாசித்துப் பதிவு செய்தது. ஜான் ஸ்காட் நடத்தினார். அந்தப் பதிவு வெளிவரவே இல்லை. 2025 மார்ச்சில் அதே லண்டனில் அரங்கேறிய 'வேலியன்ட்' வேறு சிம்பொனி. ஆனாலும் எங்கள் தெரு டீக்கடையில் ஒருவர், "என்ன இருந்தாலும் அந்தப் பழசுக்கு இது ஈடாகாதுங்க" என்று தீர்ப்பு சொன்னார். மறுக்க வழியில்லை. நானும் கேட்டதில்லையே! கேட்ட பாட்டில் ஆயிரம் குற்றம் காண்கிற நாம், கேட்காத பாட்டில் மட்டும் ஒரு அபஸ்வரமும் கண்டதில்லை.

இன்னும் பின்னால் போனால் துக்கம் அதிகம். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'. டி.பி. ராஜலட்சுமி கதாநாயகி. பாட்டுகள் மட்டும் ஐம்பது அளவில் இருந்தனவாம். படச்சுருள் இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் நமக்கு மிஞ்சியது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம்தான். அதில் ராகம், தாளம் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கும். சிலவற்றில் "இன்ன பாட்டின் மெட்டு" என்று இருக்கும். அந்த இன்ன பாட்டும் கிடைக்காது.

இதற்கெல்லாம் மாமா அசரவில்லை. பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றை எங்கிருந்தோ பிடித்து வந்து, தினமும் மாலையில் திண்ணையில் உட்கார்ந்து முழுவதையும் பாடுகிறார். கல்யாணி என்று போட்டிருந்தாலும் காம்போதி என்று போட்டிருந்தாலும் வருவது காவடிச்சிந்துதான். கதாநாயகி உயிர்விடும் கட்டத்துக்கும் அதே காவடிச்சிந்து. "சிலது கிடைக்காம போனதும் நல்லதுக்குத்தான்" என்று அத்தை அடுப்படியிலிருந்து சொல்வது தெருவுக்கே கேட்கும்.

நான் அத்தை கட்சியில்லை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போல ஓரிரு இடங்கள் இருப்பதால்தான் பழையதில் கொஞ்சமாவது தப்பிப் பிழைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் தட்டோ கேசட்டோ கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். நகலெடுத்து நாலு பேருக்குக் கொடுங்கள். சரணத்தையும் சேர்த்து.