விழச் சொல்லித் தரும் ஊரிலிருந்து

நிஷி கசாய், டோக்கியோ
ஆகஸ்டு, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் முழங்கால், சித்தியின் சர்க்கரை, வரப்புத் தகராறு மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதவும். வாட்ஸப்பில் வருவதையெல்லாம் கடிதம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டதால், தாளும் பேனாவும் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்துக்கு மார்க் போட வேண்டாம்.

“ஜப்பானுக்குப் போயி இத்தன வருஷமாச்சே, சோறு வடிக்கிறதத் தவிர வேற என்னம்மா கத்துக்கிட்ட?” என்று கேட்டிருந்தீர்கள். டிரில் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர் கேட்கிறார், தட்ட முடியுமா? ஊரில் ஆளாளுக்கு ஓர் ஆசையை என் பெட்டியில் வைத்துத்தானே வழியனுப்பினீர்கள். ராத்திரி பஸ்ஸில் வருகிற பெண்ணுக்குத் துணை என்று அத்தைக்குக் கராத்தே. தம்பிக்கு வாள். சின்ன மாமாவுக்கு, நின்ற இடத்திலிருந்து பறந்து போய் ஓடு உடைக்கும் ஏதோ ஒன்று; பெயர் தெரியாது, சினிமாவில் பார்த்தது. உங்களுக்கு ஜூடோ. காற்றுப் போன வாலிபாலும் இரண்டு கர்லாக்கட்டையும் மட்டும் கிடந்த அந்த டிரில் ரூமில், பத்திரிகையிலிருந்து கத்தரித்த ஜூடோ படம் ஒன்றை அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தீர்களே. கணக்கு வாத்தியார் வந்து டிரில் பீரியடைப் பிடுங்கிக்கொண்டு போகும்போதெல்லாம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஆகவே உங்கள் ஆசையிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜூடோவுக்குத் தலைமைப் பீடம் கோடோகான். இப்போது அது டோக்கியோவில் எட்டு மாடிக் கட்டடம். எட்டாவது மாடியில் உட்கார்ந்து, கீழே ஏழாவது மாடியில் நடக்கும் பயிற்சியைப் பார்க்கலாம். 1882இல் ஜிகோரோ கானோ இதைத் தொடங்கியபோது, ஒரு புத்தர் கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த அறைதான் மொத்த இடம். கானோ குள்ளமான ஆள். பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்களிடம் அடி வாங்கி அலுத்துப்போய்த்தான் மல்லுக்கட்டே கற்கப் போனார். பின்னாளில் ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1909இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் உட்கார்ந்த முதல் ஆசியக்காரரும் அவர்தான். ஆக, உங்கள் அலமாரிக் கதவில் இருந்த வித்தையைக் கண்டுபிடித்தவரும் ஒரு வாத்தியார்தான்.

எங்கள் வட்டாரத்து விளையாட்டரங்கில் பெரியவர்களுக்கான ஜூடோ வகுப்பில் நானும் சேர்ந்தேன். முதல் பாடம், விழுவது. இரண்டாவது பாடம், இன்னொரு பக்கமாக விழுவது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கண்ணை இடுப்புப் பட்டையில் வைத்து, முதுகு தரையைத் தொடும் நேரத்தில் கையால் பாயை ஓங்கி அறைய வேண்டும். அப்படிச் செய்தால் தலை மோதாது. விழுந்த வேகமும் கையோடு கரைந்துவிடும். என்னை யாரும் தள்ளவில்லை, நானும் யாரையும் தூக்கிப் போடவில்லை. வாரா வாரம் போய், என் சொந்தப் பொறுப்பில் விழுந்துவிட்டு வந்தேன். ஊரில் விழுந்தால் “கண்ணு எங்க இருக்கு?” என்பார்கள். இங்கே ஆசிரியர் குனிந்து வணங்கி, “இன்னும் கொஞ்சம் நன்றாக விழலாம்” என்கிறார்.

பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று சித்தி முணுமுணுப்பது காதில் விழுகிறது. கேய்கோ ஃபுகுதா என்று ஒரு அம்மாள், கானோவுக்கு மல்வித்தை சொல்லிக் கொடுத்த குருவின் பேத்தி. பெண்களுக்கு ஐந்தாம் டான் என்ற படிக்கு மேல் கிடையாது என்று அவரை நீண்ட காலம் அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். 1972இல்தான் ஆறாவது கிடைத்தது. அவரும் விடவில்லை, அமெரிக்காவில் குடியேறி, சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்து, 98 வயதில் அங்குள்ள ஜூடோ அமைப்பிடம் பத்தாம் டான் வாங்கினார். அதற்கு மேல் படி இல்லை. சித்தியிடம் இதைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல வாசல் பக்கம் போய்விடுங்கள்.

தம்பியின் வாளுக்கு வருவோம். கெண்டோவில் நிஜ வாள் கிடையாது; நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய கோல்தான். தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை என்று அடிக்க நான்கே இடங்கள். எங்கே அடிக்கிறோமோ அந்த இடத்தின் பெயரை அடியோடு சேர்த்து அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். குரலும் கோலும் காலும் ஒன்றாக வந்து சேராவிட்டால் அடி பட்டாலும் பாயிண்ட் கிடையாது. சரி, பாயிண்ட் கிடைத்துவிட்டது, சந்தோஷத்தில் கையை உயர்த்திக் குதித்தால்? கொடுத்த பாயிண்டை நடுவர் திரும்ப வாங்கிக்கொள்வார். தோற்றவன் எதிரே நிற்கும்போது கொண்டாடுவது மரியாதை இல்லையாம். நம்மூர்க் கபடிக்கு இந்த விதி வந்தால் இரண்டு அணியும் சைபருக்குக் கீழேதான் ஆட்டத்தை முடிக்கும்.

கெண்டோவில் உச்சப்படியான எட்டாம் டான் தேர்வு எழுத 46 வயதாவது ஆகியிருக்க வேண்டும். ஏழாம் டான் வாங்கிப் பத்து வருஷமும் ஓடியிருக்க வேண்டும். அதன் பிறகும் தேறுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். கலெக்டர் பரீட்சைக்குப் படிக்கும் நம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆறுதலாக இதைச் சொல்லுங்கள். தம்பியிடம் மட்டும் கெண்டோவில் போடும் கையுறையைப் பற்றிச் சொல்லாதீர்கள். வியர்வையை வருஷக்கணக்கில் குடித்த தோல்; ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் காயாத பள்ளிக்கூடக் காலுறை போல அது ஊரைக் கூட்டுகிறது. வாள் ஆசை அங்கேயே இறங்கிவிடும்.

உங்கள் மாப்பிள்ளை, யாரும் அடிக்க வராத வித்தை வேண்டும் என்று வில் வித்தைக்குப் போனார். கியூடோ என்று பெயர். வில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், அவரைவிட அதிகம். 28 மீட்டர் தூரத்தில் இலக்கு. அதன் குறுக்களவு 36 சென்டிமீட்டர். நிற்பதில் தொடங்கி அம்பை விட்ட பிறகும் அசையாமல் நிற்பது வரை எட்டு நிலைகள். புதிதாகச் சேர்ந்தவருக்கு அம்பும் கிடையாது, இலக்கும் கிடையாது; கையில் ஒரு ரப்பர் வில்லைக் கொடுத்து இழுக்கச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் அதை இழுத்தால்தான் நிஜ வில். அப்போதும் இரண்டடி எட்டி வைத்தால் தொட்டுவிடக்கூடிய வைக்கோல் உருளையைத்தான் எய்ய வேண்டும். துரோணர் மரத்துக் குருவியைக் காட்டியபோது அர்ஜுனன் கையில் நிஜ வில்லாவது இருந்தது. இவர் ரப்பரை இழுத்துக்கொண்டு, சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால் மனசு ஒருமுகப்படுகிறதாம். வீட்டில் பால் பொங்குவது மட்டும் தெரிவதில்லை.

அத்தையிடம் சொல்லுங்கள், கராத்தே டோக்கியோவுக்கே வெளியூர்ச் சரக்கு. தெற்கே ஒகினாவாத் தீவுகளில் பிறந்தது. ஃபுனாகோஷி கிச்சின் என்பவர் 1922இல் இங்கே வந்து செய்து காட்டிய பிறகுதான் தலைநகரத்தில் பரவியது. அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார். நான் எங்கே போனாலும் கடைசியில் ஒரு வாத்தியார் வந்து நிற்கிறார், சித்தப்பா.

சுமோவில் எனக்கு வேலை இல்லை. தொழில்முறை சுமோ மேடையில் பெண்கள் கால் வைக்கக்கூடாது. 2018இல் மேடையில் பேசிக்கொண்டிருந்த நகரத் தலைவர் ஒருவர் மயங்கி விழ, முதலுதவிக்கு ஓடிவந்த பெண்களையே ஒலிபெருக்கியில் இறங்கச் சொன்னார்கள். பிறகு சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். உங்கள் மாப்பிள்ளைக்கு மட்டும் அந்த விளையாட்டில் ஒரு பாதி பிடித்திருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு பயிற்சி, மத்தியானம் பெரிய சட்டி நிறையக் குழம்பு, பிறகு நல்ல தூக்கம் என்பது மல்லர்களின் வழக்கம். இவர் பயிற்சியை விட்டுவிட்டு மீதி இரண்டையும் கடைப்பிடிக்கிறார்.

“எல்லாம் நம்ம காஞ்சிபுரத்துலேருந்து போனதுதானே” என்று எழுதியிருந்தீர்கள். இந்த வித்தைகளுக்கு மூலவர் என்று நீங்கள் நினைக்கும் போதிதர்மர் தென்னிந்திய அரசகுமாரர் என்று ஒரு மரபு சொல்வது உண்மை. இங்கே அவர் தருமா என்ற பெயரில் சிவப்புப் பொம்மையாகக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார். கையும் இல்லை, காலும் இல்லை. ஒன்பது வருஷம் சுவரைப் பார்த்துத் தியானம் செய்ததில் கால்கள் போய்விட்டதாகக் கதை. உடற்பயிற்சிக்கு இவரையா மூலபுருஷர் ஆக்கினோம் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் வைக்கும்போது பொம்மைக்கு ஒரு கண் வரைய வேண்டும், நிறைவேறினால் மற்றது. எடை குறைய வேண்டி உங்கள் மாப்பிள்ளை வரைந்த ஒற்றைக் கண்ணோடு எங்கள் தருமா ஃபிரிட்ஜ் மேலிருந்து, அதைத் திறக்கிறவரையே பார்க்கிறார்.

இவ்வளவு இடமும் ஏறி இறங்கியதில் எனக்குத் தெரிந்தது ஒன்று. ஊரே ஆசைப்படுகிற இந்த வித்தைகளில் பறப்பதும் உடைப்பதும் ரொம்பத் தூரத்தில் இருக்கின்றன. வாசலில் இருப்பது வரிசையில் நிற்பது, வணங்குவது, நிமிர்ந்து உட்காருவது, சொன்னதையே மறுபடி மறுபடி செய்வது, முடிந்ததும் ஈரத்துணியால் தரையைத் துடைப்பது. நாலாம் வகுப்பில் வெயிலில் நிற்க வைத்து நீங்கள் எங்களிடம் வாங்கிய வேலை இதுதான். நாங்கள் சபித்துக்கொண்டே செய்தோம். 2012 முதல் இங்கே நடுநிலைப் பள்ளிகளில் ஜூடோ, கெண்டோ போன்றவை கட்டாயப் பாடம். எந்தக் கணக்கு வாத்தியாரும் அந்தப் பீரியடைக் கேட்டு வர முடியாது. இதைப் படித்துவிட்டு ஒரு காப்பி கூடக் குடியுங்கள்.

நான் விடாமல் செய்வது எது என்று கேட்பீர்கள். காலை 6.30 மணிக்கு ரேடியோவில் பியானோ ஒலிக்கும், ஒருவர் எண்ணிக்கை சொல்வார், கையைத் தூக்கு, வளை, குதி என்று பதின்மூன்று அசைவுகள். மூன்று நிமிஷத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். 1928இல் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு காப்பீட்டுக் கம்பெனி நடத்திய ரேடியோப் பயிற்சியைப் பார்த்துவிட்டு, இங்கே தபால் இலாகாவின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு கொண்டுவந்தது. பாலிசிக்காரர் ஆரோக்கியமாக இருந்தால்தானே பிரீமியம் ஒழுங்காக வரும்! இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நின்றுபோய், இப்போதுள்ள வடிவில் 1951இல் திரும்பி வந்தது. கட்டட வேலைக்காரர்கள் சாரம் ஏறுமுன் செய்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு பூங்காவுக்கு வந்து, செய்து முடித்து முத்திரை வாங்குகிறார்கள். எங்கள் மேல்மாடிப் பாட்டி தினமும் என் பக்கத்தில் நின்று செய்கிறார். குதிக்கும் அசைவில் அவர் குதிக்கிறார். நான் குதிகாலை மட்டும் தூக்குகிறேன்.

இதே பயிற்சி டி.வி.யில் வரும்போது ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாம் செய்து காட்டுவார், முழங்கால் முடியாதவர்களுக்காக. அதைப் பார்த்து உங்களுக்காக ஒவ்வொரு அசைவாகப் படம் போட்டு, நம்பர் எழுதி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கைகால் கோணலாக இருந்தால் அது என் ஓவியத்தின் குறை. நீங்கள் நேராகச் செய்யுங்கள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஆறரை என்றால் அங்கே அதிகாலை மூன்று மணி. அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து உட்கார்ந்து, இருமி, வீட்டையே எழுப்புவதாகச் சித்தி போனில் புகார் சொன்னாள். எழுந்ததுதான் எழுந்தீர்கள், அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு கையைத் தூக்குங்கள். எண்ணிக்கையை மட்டும் மனசுக்குள் சொல்லுங்கள். மைதானத்துக் குரலில் வேண்டாம்.

சித்திக்கும் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகள்

பின்குறிப்பு: சின்ன மாமா உடைப்பதற்கென்று மாட்டுத்தொழுவத்து ஓடுகளை எண்ணி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் வரும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு உடைக்கத் தெரியாது; உடைக்கப் போகிறவர் எப்படி அடிபடாமல் விழுவது என்று சொல்லிக் கொடுப்பேன்.